மைக்கா இல்லாத மைக்கா

(மதுரையில் வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மேடையேறியதும் என் கண் போனது இந்த மேசையின் மூலைக்குத்தான். தொழில் புத்தி. தேக்கு நிறத்தில் மேலே ஒட்டியிருக்கும் தகடு இந்த இடத்தில் இரண்டு விரற்கடை அளவுக்குப் பெயர்ந்து நிற்கிறது. எனக்கு முன்னால் இங்கே நின்று பேசியவர்கள் யோசனை வரும்போதெல்லாம் நகத்தால் நோண்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். போவதற்குள் இதற்கு ஒரு வழி செய்துவிடுகிறேன்.

என் அப்பா ஆசாரி. எனக்கு உளி பிடிக்க வரவில்லை. அதனால் பிளைவுட் கடை வைத்தேன். கடைக்கு வருகிறவர்கள் "மைக்கா பார்க்கணும்" என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள் "சன்மைக்கா இருக்கா?" என்பார்கள். "லேமினேட்" என்று கேட்டு வருகிறவரை ஆர்க்கிடெக்ட் அனுப்பியிருக்கிறார் என்று புரிந்துகொள்வேன். மூன்றும் ஒரே சரக்குதான். இன்றைய கூட்டத்துக்கு மைக்காவைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும், "சுரங்கத்தைப் பற்றியா?" என்று கேட்டார் செயலாளர். நியாயமான கேள்விதான். உண்மையான மைக்கா சுரங்கத்தில்தான் கிடைக்கிறது. கோடர்மாவிலும், நமக்குப் பக்கத்தில் ஆந்திரத்துக் கூடூரிலும் வெட்டி எடுத்தார்கள். ஏடு ஏடாக உரியும், கண்ணாடி மாதிரி மின்னும். நம் ஊரில் அதற்குக் காக்காப்பொன் என்று பெயர். சித்த வைத்தியர்கள் அப்பிரகம் என்பார்கள். நீங்கள் அலமாரிக்கு ஒட்டுகிற மைக்காவில் அந்தக் காக்காப்பொன் ஒரு குன்றிமணி அளவுகூடக் கிடையாது. பிறகு ஏன் இந்தப் பெயர்? அதற்கு வருகிறேன்.

முதலில் இந்தத் துண்டை வாங்கிப் பாருங்கள். உள்ளங்கை அகலம்தான். முன்வரிசையிலிருந்து அப்படியே கைமாற்றிவிடுங்கள். மேல்பக்கம் வால்நட் மரம் மாதிரி இருக்கிறது, அழகாக இருக்கிறது, சரி. அதை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். மேலே மயிரிழை தடிமனுக்கு மட்டும்தான் அந்த நிறம். அதற்குக் கீழே முழுவதும் கருப்பட்டி நிறம். இப்போது திருப்பிப் பாருங்கள். முதுகு சொரசொரப்பாக, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி இருக்கும். தேய்த்ததுதான், அப்போதுதான் பசை பிடிக்கும். நகத்தால் தட்டினால் சீனிச்சட்டி மாதிரி 'டிக்'கென்று சத்தம் வரும்.

இது என்ன என்று கேட்டால் பெரும்பாலும் "பிளாஸ்டிக்" என்றுதான் பதில் வரும். எடையில் பாதிக்கு மேல் இது காகிதம். சிமென்ட் மூட்டைக்குப் பயன்படுகிற அதே பழுப்பு நிற கிராஃப்ட் காகிதம். அதை ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினில் முக்கி உலர்த்தி, நாலைந்து தாளாக அடுக்குவார்கள். அதற்கு மேல் படம் அச்சடித்த ஒரே ஒரு தாள். அது முங்குவது வேறு பிசினில், மெலமின் பிசினில். இந்த அடுக்கை இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவில் வைத்து, 120 டிகிரிக்கு மேல் சூடேற்றி, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 50 கிலோவுக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். எட்டுக்கு நாலு ஷீட் என்கிறோமே, அதன் முழுப் பரப்புக்கும் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1,500 டன் வருகிறது. யானைக்கு 5 டன் வைத்தால் முந்நூறு யானைகள் ஒரு காகிதக் கட்டின் மேல் ஏறி நிற்கிற மாதிரி. அப்படி அழுத்திவிட்டு, அழுத்தத்தை எடுக்காமலே ஆறவிடுவார்கள். வெளியே வரும்போது தாள் தாளாகப் பிரிக்க முடியாது. உருக்கவும் முடியாது. வேகவைத்த முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க முடியாதில்லையா, அந்த மாதிரி.

மேலே வழவழப்பாக இருப்பதும், துணி மாதிரி, மரப்பட்டை மாதிரி தடவினால் தட்டுப்படுவதும் அந்த எஃகுத் தகடு செய்கிற வேலை. தகட்டில் என்ன இருக்கிறதோ அது ஷீட்டில் விழும். கிளாஸி, மேட் என்று கடையில் நாங்கள் சொல்வதற்கெல்லாம் மூலம் அதுதான்.

இப்போது பெயருக்கு வருவோம். 1907-இல் நியூயார்க் பக்கத்தில் லியோ பேக்லேண்ட் என்ற பெல்ஜியத்துக்காரர், ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்லைட் என்ற பிசினை உருவாக்கினார். பழைய வீடுகளில் 'டப்'பென்று போடுவோமே கருப்பு ஸ்விட்ச், அது அந்த வம்சம். சில வருஷம் கழித்து, பிட்ஸ்பர்க் நகரத்தில் வெஸ்டிங்ஹவுஸ் மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்த டேனியல் ஓகானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இரண்டு இளம் எஞ்சினியர்களுக்கு ஒரு யோசனை. மோட்டாருக்குள் மின்சாரம் தாவாமல் தடுக்க அந்தக் காலத்தில் மைக்கா ஏடுகளை வைப்பார்கள். மைக்கா விலை கூடுதல், பக்குவமாகக் கையாளவும் வேண்டும். அதற்குப் பதிலாகப் பிசினில் நனைத்த தாளையோ துணியையோ அழுத்திக் கெட்டியாக்கி வைத்தால் என்ன? வேலை செய்தது. வெஸ்டிங்ஹவுஸை விட்டு வெளியே வந்து 1913-இல் சின்சினாட்டியில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். மைக்காவுக்கு மாற்று என்பதை ஆங்கிலத்தில் சொல்லி, அதையே சேர்த்து எழுதி, ஃபார்மைக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கவனியுங்கள், 'இது மைக்கா இல்லை' என்று சொல்வதற்காக வைத்த பெயர் அது. அது கடல் தாண்டி வந்தது. இங்கே ஒரு கம்பெனி வைத்த சன்மைக்கா என்ற வணிகப் பெயர் ஊரெல்லாம் பரவியது. நம் ஆசாரிமார்கள் பெயரின் தலையைச் சீவி, மைக்கா என்று நிறுத்திவிட்டார்கள். எது இதில் இல்லை என்று சொல்லக் கிளம்பினார்களோ, அதுவே இதன் பெயராகிவிட்டது. வாழைப்பழத்துக்கு 'மாம்பழமல்ல' என்று பெயர் வைத்து, காலப்போக்கில் அது மாம்பழமே ஆன கதை. அமெரிக்காவிலும் இதே வம்புதான். 1978-இல் அங்கே அரசின் வணிக ஆணையம், ஃபார்மைக்கா பொதுச்சொல் ஆகிவிட்டது, இனி அது ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லை என்று வழக்குப் போட்டது. கடைசியில் நாடாளுமன்றம் குறுக்கே புகுந்து அதை நிறுத்த வேண்டியிருந்தது.

மோட்டாருக்குள் இருந்த சரக்கு மேசைக்கு வந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபீனால் பிசினின் நிறம் கருப்பட்டி நிறம் என்று பார்த்தீர்கள். அதன் மேல் எதை அச்சடித்தாலும் அழுக்காகத் தெரியும். 1927-இல் அந்தக் கருமையை மறைக்கிற ஒரு தடுப்புத் தாளைக் கொண்டுவந்து, அதற்கு மேல் மரமும் சலவைக்கல்லும் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். 1931-இல் நடுவில் ஓர் உலோகத் தகட்டையும் நுழைத்தார்கள். எதற்குத் தெரியுமா? சிகரெட்டை அப்படியே மேசையில் வைத்தாலும் சூடு பரவி வடு விழாமல் இருப்பதற்கு. அவரவர் ஊரின் கெட்ட பழக்கத்துக்குத் தக்கபடி அறிவியல் வளர்கிறது. 1938-இல் மெலமின் வந்தது. ஜெர்மனியில் லீபிக் என்ற வேதியியல் மேதை 1834-லேயே செய்து பார்த்து, என்ன உபயோகம் என்று தெரியாமல் விட்டிருந்த பொருள் அது. தண்ணீர் மாதிரி நிறமில்லாதது, காய்ந்தால் கீறல் விழாது, கொதிநீருக்கு அசையாது. அது மேலே வந்து உட்கார்ந்த பிறகுதான் இந்தத் தகடு முழுமை அடைந்தது. போர் முடிந்து அமெரிக்காவில் புது வீடுகள் முளைத்தபோது, சமையலறை மேடை, சிற்றுண்டிக் கடை, பள்ளிக்கூட மேசை என்று எங்கும் இதுதான். டெக்சாஸில் டெம்பிள் என்ற ஊரில் ரால்ஃப் வில்சன் என்ற லேமினேட் முதலாளி, 1959-இல் தன் சொந்த வீட்டையே சோதனைக்கூடமாகக் கட்டி, குளியலறைச் சுவர் வரைக்கும் தன் சரக்கை ஒட்டிப் பார்த்தார். இன்று அந்த வீடு பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம். தான் விற்பதைத் தன் வீட்டில் ஒட்டிப் பார்த்த வியாபாரி என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

நம் ஊரில் இதை எங்கே அதிகம் தொட்டிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரயில். பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலையில் செய்த பெட்டிகளின் உட்சுவரில் வெளிர் நிறத் தகடு இருக்குமே, ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கி, எண்ணெய்ப் பிசுக்கு வட்டம் வட்டமாகப் படிந்திருக்குமே, அதுதான்.

சரி, சமையல் மேடை. இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள்: "வெளிநாட்டில் கிச்சன் மேடைக்கே மைக்கா ஒட்டுறாங்களாமே, நாமளும் ஒட்டலாமா?" நான் வேண்டாம் என்பேன். விற்கிறவனே வேண்டாம் என்கிறானே என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். மெலமின் மேல்பரப்பு நல்ல சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியை அப்படியே வைத்தால் கொப்பளித்துவிடும். அது ஒரு பக்கம். பெரிய விஷயம், நம் சமையலே வேறு. நம் வீட்டில் மேடையின் விளிம்பில்தான் தேங்காய் உடைக்கிறோம். குக்கரை 'தொப்'பென்று இறக்குகிறோம். ராத்திரி சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளுகிறோம். தகட்டின் முகத்தில் தண்ணீர் நின்றால் ஒன்றும் ஆகாது, ஒரு வாரம் நிற்கட்டும். தண்ணீர் ஓரத்தைத்தான் தேடும். சிங்க்குக்காக வெட்டிய இடம், இரண்டு ஷீட் சேரும் இணைப்பு, இப்படி எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே இறங்கி, உள்ளே இருக்கும் பலகையை ஊறவைத்து வீங்கவைக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் வெட்டி எடுக்கிற மாநிலத்தில், கடப்பாக் கல் லாரி லாரியாக வந்து இறங்குகிற ஊரில், மேடைக்குக் கல்லைப் போடுங்கள். அதற்குக் கீழே கதவுகளுக்கு மைக்கா ஒட்டுங்கள். அங்கேயும் சிங்க்குக்குக் கீழே மட்டும் மரைன் பிளைவுட் கேளுங்கள், ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கும்.

வெள்ளைக் கதவில் மஞ்சள் கறை பட்டால் அழாதீர்கள். உடனே துடைத்தால் போய்விடும். மறந்துவிட்டால், வெயில் படும்படி கதவைத் திறந்து வையுங்கள். மஞ்சளுக்கு வெயில் ஆகாது, தானாக வெளுக்கும். இது கம்பெனிக் கையேட்டில் படித்ததில்லை. என் வீட்டம்மா கண்டுபிடித்தது.

ஓரம் என்று சொன்னேனே, அதில் கொஞ்ச நேரம் நின்று பேச ஆசை. முப்பது வருஷ வியாபாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்; ஆயுளை முடிவு செய்வது ஓரமும் முதுகும்.

முதுகைப் பற்றி நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கடை வைத்த புதிதில் என் வீட்டுக்கே ஓர் அலமாரி. ஏழு அடி உயரக் கதவு. வெளிப்பக்கம் நல்ல விலை ஷீட். உள்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று பெயின்ட் அடித்துவிட்டேன். ஐப்பசி அடைமழையில் மேலும் கீழும் விலகி, கதவு வில்லாக வளைந்து நின்றது. பூட்டே பொருந்தவில்லை. காகிதம்தானே! ஈரக் காற்றில் நீளும், வறண்டால் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. காகிதத்தின் இழை ஓடுகிற திசையைவிடக் குறுக்குத் திசையில் ஏறக்குறைய இரண்டு பங்கு அசையும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அந்த இழுப்பைத் தடுக்க மறுபக்கம் ஆளில்லை. அப்பா வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "முதுகுக்கும் ஒண்ணு போட்டாத்தாண்டா நெஞ்சு நிமிரும்" என்றார். அன்றிலிருந்து, உள்பக்கத்துக்கு மெல்லிய லைனர் ஷீட் வாங்காத வாடிக்கையாளருக்கு வெளிப்பக்க ஷீட்டைக் கொடுக்க எனக்கு மனசு வராது. காசு பிடுங்குகிறான் என்று சிலர் நினைப்பதும் தெரியும்.

அப்பா மைக்கா ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வெட்டுவதற்கு ரம்பத்தைத் தொடமாட்டார். முகத்தில் இரும்பு ஸ்கேல் வைத்து, கூரான கத்தியால் மூன்று நான்கு முறை இழுப்பார். பிறகு ஷீட்டை முகம் பக்கமாக மெதுவாக மடக்குவார். 'படக்'கென்று நேர்கோட்டில் உடையும். மூலை வெட்டும்போது கூராக வெட்டமாட்டார், கொஞ்சம் வளைத்துத்தான் வெட்டுவார். கூரான உள்மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். பசை தடவ உடைந்த மைக்காத் துண்டையே எடுத்து, அதன் விளிம்பில் ரம்பப் பல் மாதிரி வெட்டி, அதை வைத்து இழுப்பார். பசை கோடு கோடாக, ஒரே சீராகப் பரவும். ஒட்டியதும் மேலே பலகை, அதற்கு மேல் செங்கல், ஒரு ராத்திரி. காலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை அரத்தால் ராவுவார். அரத்தை ஒரே பக்கமாக, முகத்திலிருந்து பலகை நோக்கித் தள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் அச்சடித்த தாள் செதிலாகப் பெயரும். இப்போது ட்ரிம்மர் மெஷின் வந்துவிட்டது, வேலை மின்னல் மாதிரி நடக்கிறது. அப்பா அளவுக்கு ஓரம் ராவுகிறவர்கள் இன்று குறைவு. இது பழமை பேசுகிற கிழவன் பேச்சு என்றால் அப்படியே இருக்கட்டும்.

எவ்வளவு ராவினாலும் அந்தக் கருப்பட்டிக் கோடு மட்டும் போகாது. வெள்ளை மேசையானாலும் விளிம்பில் ஒரு பழுப்புக் கோடு. 'நான் கல்லும் இல்லை, மரமும் இல்லை' என்று அது காட்டிக்கொடுத்துவிடும். மறைப்பதற்கு மர பீடிங் அடிப்போம், இப்போது பி.வி.சி. எட்ஜ் பேண்ட் ஒட்டுகிறோம். 1982-இல் ஃபார்மைக்கா கம்பெனி, முகத்தில் என்ன நிறமோ அதே நிறம் உள்ளே வரைக்கும் இருக்கிற கலர்கோர் என்ற ஷீட்டைக் கொண்டுவந்தது. அதை வைத்து ஏதாவது செய்து காட்டுங்கள் என்று கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெஹ்ரியிடம் கொடுத்தார்கள். வேலைக்கு நடுவில் ஒரு துண்டு சில்லுச் சில்லாக உடைந்துபோனது. அந்தச் சில்லுகளைப் பார்த்தவருக்கு மீன் செதில் ஞாபகம் வந்தது. அவற்றை அடுக்கி ஒட்டி, உள்ளே பல்பு வைத்து, மீன் விளக்குகள் செய்தார். இன்று அவை அருங்காட்சியகப் பொருள். எங்கள் பட்டறையில் அப்படி உடைந்தால் ஆசாரி சம்பளத்தில் பிடித்தம்!

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1981-இல், இத்தாலியில் மிலான் நகரத்தில் எத்தோரே சொத்சாஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மெம்ஃபிஸ் என்ற பெயரில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் கார்ல்டன் என்று ஒரு புத்தக அலமாரி. இரண்டு கையையும் விரித்து நிற்கிற பொம்மை மாதிரி இருக்கும். மேலெல்லாம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று லேமினேட். டீக்கடை மேசைக்கு என்று ஒதுக்கிய சரக்கைப் பணக்காரர் வீட்டு நடுக்கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது எந்த மரத்தையும் நடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது அந்த அலமாரிதான். ஆனால் என் கடையில் விற்பது தேக்கும் வால்நட்டும்தான். வாடிக்கையாளரைக் குறை சொல்லவில்லை. தேக்கு வாங்க முடியாத வீட்டில் தேக்கைப் பார்க்கவாவது ஆசைப்படுவது குற்றமா? ஒன்று மட்டும் செய்து பாருங்கள். மரம் மாதிரி மைக்கா ஒட்டிய அலமாரி முன்னால் நின்று, ஒரு கணுவைக் குறித்துக்கொண்டு, அதே கணு இன்னோர் இடத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். அச்சு உருளை ஒரு சுற்றுச் சுற்றியதும் அதே மரம் மறுபடி முளைத்திருக்கும்.

கரையான் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு முடியாது. ஒரு வீட்டில் அலமாரி பார்க்கக் கூப்பிட்டார்கள். "நல்லாத்தான் இருக்குண்ணே, லேசா மண்ணு கொட்டுது" என்றார் அந்தத் தம்பி. வெளியே பளபளவென்று கதவு. விரலால் தட்டினேன், அப்பளம் மாதிரிச் சத்தம். கொஞ்சம் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. பலகை முழுவதையும் தின்றுவிட்டு, பிசினேறிய மைக்காவை மட்டும் கரையான் மிச்சம் வைத்திருந்தது. உள்ளே புற்றுமண், வெளியே வால்நட். அந்த ஷீட்டுக்கு அவர் கொடுத்த விலையில் பாதியைச் சேர்த்துப் பலகைக்குப் போட்டு, மருந்தும் அடித்திருந்தால் அலமாரி இன்றும் நின்றிருக்கும்.

ஃபார்மால்டிஹைடு நாற்றத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். நன்றாக வெந்த ஷீட்டிலிருந்து வருவது சொற்பம். கண் எரிவது பெரும்பாலும் உள்ளே இருக்கிற மலிவான பலகையால்தான். பலகையின் மேல் ஈ-1, ஈ-0 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சத் துண்டுகளை அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள், அந்தப் புகை ஆகாது. மறுபடி உருக்கவும் முடியாது என்று முன்பே சொன்னேன். சுற்றுச்சூழலுக்கு இது நல்ல பிள்ளையா என்று கேட்டால், ஒரு காட்டுத் தேக்கைக் காப்பாற்றி ஒரு நிரந்தரக் குப்பையைப் பெற்றிருக்கிறது என்பேன். நான் அதை விற்றுத்தான் சாப்பிடுகிறேன் என்பதையும் சேர்த்தே கணக்கில் வையுங்கள்.

இந்த மூலைக்கு வருவோம். பையில் ரப்பர் பசை கொண்டுவந்திருக்கிறேன், பஞ்சர் கடை சொல்யூஷனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தகட்டின் முதுகிலும் பலகையிலும், இரண்டிலும் தடவ வேண்டும். தடவிய உடனே ஒட்டக் கூடாது. விரல் வைத்தால் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் நகர்த்த முடியாது, ஒரே தடவைதான். இதோ, தடவிவிட்டேன். இந்த ஃபேன் காற்றில் பத்து நிமிஷம் ஆகும். அதுவரை கேள்வி கேளுங்கள். முதலில், நான் கொடுத்த துண்டு யாரிடம் இருக்கிறது?